கையைப் பார்க்காமல் கொடுத்த கிரிப்

2022 மார்ச் 14, திங்கட்கிழமை. காலை 8.40க்குக் கடையைத் திறந்தேன். ஷட்டரின் இடது பக்கம் வழக்கம்போல இழுத்துப் பிடித்தது; இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். வாசல் தெளித்து, படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, வெளியே நிறுத்த வேண்டிய ஆறு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினேன். டயர்களை அமுக்கிப் பார்த்ததில் மூன்றாவது வண்டிக்குக் காற்று குறைவாக இருந்தது, அடித்தேன். 9.20க்கு, டயர் வேலை பார்க்கும் முருகேசன் வந்தார். 9.35க்கு டீ. அதற்குள் வாசல் சுவரில் தொங்கும் வெப்பமானி 31 காட்டியது. டைரியைத் திறந்தபோது ஒரு சீட்டு கீழே விழுந்தது. எனக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். பதினோரு நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

இந்தச் சைக்கிள் கடையில் இருபத்தாறு வருடம் வண்டி பூட்டிக் கொடுத்துவிட்டு, போன வருடம் ஓய்வுக்கு வந்தவன் நான். புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறீர்கள், அதில் இரண்டு பேர் பெண்கள் என்று முருகேசன் போனில் சொன்னார். உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். என் டைரிகளைப் புரட்டினால் நன்றாகச் செய்த வேலைகள் நிறையவே இருக்கின்றன. அவற்றை நீங்களாகவே கற்றுக்கொள்வீர்கள். நான் எழுத நினைப்பது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி.

11.10க்கு ஜெசிந்தா கடைக்குள் வந்தார். ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். தாடிக்கொம்பிலிருந்து தினமும் மவுண்டன் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர். அன்று லீவு போட்டிருந்தார்; சைக்கிள் இல்லை. வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே, அவர் சைக்கிளின் கைப்பிடியில் நான் மாட்டிக் கொடுத்த இரண்டு ஸ்பாஞ்ச் கிரிப்புகள். பிளேடால் நீளவாக்கில் கீறி, உரித்து எடுக்கப்பட்டிருந்தன.

"இத வேற யாருக்கும் குடுத்துறாதீங்கண்ணே. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

2021 நவம்பர் 13, சனிக்கிழமை. பிற்பகல். கடையில் கூட்டம். நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்திருந்தார். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதால் தனக்கே ஒரு கியர் வண்டி வாங்க வந்தவர். கூட அவருடைய உறவினர் இருவர். அவர்களுக்குப் பின்னால் ஜெசிந்தா முறைக்குக் காத்திருந்தார்.

கிரிப் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வழி உண்டு. வாடிக்கையாளரின் கையை நானே பிடித்து, கிரிப்பின்மேல் விரல்களை மூடி வைப்பேன். நடுவிரல் நுனிக்கும் கட்டைவிரலின் அடி மேட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் அளவு சரி. விரல் நுனி உள்ளங்கையில் குத்தினால் கிரிப் மெல்லியது. விரல் சுற்றி வராமல் பாதியில் நின்றால் தடித்தது. ஐந்து நொடி வேலை. தோப்புக்காரரின் கையையும் அப்படித்தான் பிடித்தேன்.

"ஏனுங்க, கைரேகை பாக்கறீங்களா?" என்றார் அவர். "ஆயுசு எவ்வளவுன்னும் சேத்துச் சொல்லிப்போடுங்க. அதுக்குத் தக்கன வண்டி எடுத்துக்கறேன்."

"ஆயுசு தெரியலைங்க. ரெண்டாங் கல்யாணம் ஒண்ணு தெரியுது" என்றார் முருகேசன், டயர் மாற்றிக்கொண்டே.

உறவினர்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே ஜெசிந்தாவின் முறை வந்துவிட்டது.

"கிரிப் மாத்தணும்ணே. உள்ளங்கை வலிக்குது. ஆனா கிளவுஸ் மாட்டிக்கிறச் சொல்லிராதீங்க."

"கிளவுஸ் விக்கத்தான சிஸ்டர் கண்ணாடிப் பெட்டியெல்லாம் வாங்கி வச்சிருக்கோம்" என்றார் முருகேசன்.

"காலையில ஆறரையில இருந்து ரெண்டு மணி வரைக்கும் இந்தக் கையி ரப்பர் உறைக்குள்ளதான் கெடக்கு. கழட்டுனா அவிச்ச பனங்கிழங்கு மாதிரி இருக்கு. தோலு உரியுது. வண்டியிலயும் உறையப் போடுன்னா, இந்தக் கைக்கு எப்பத்தாண்ணே காத்துப் படும்?"

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க வைத்திருந்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் வலது கை பாதி தூரம் போனது. கைரேகை பார்க்கிறாயா என்ற கேலி இன்னும் காற்றில் இருந்தது. மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கையை நான் எப்படிப் பிடிப்பது? பாதி தூரம் போன கை, பக்கத்தில் இருந்த கிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அதன் பிறகு அவர் கைகளை நான் பார்க்கவே இல்லை. பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு என்று அப்போது தோன்றியது. கிரிப்புகளைத்தான் பார்த்தேன்.

அன்று பெட்டியில் மூன்று வகை இருந்தன. ஒன்று, நெருக்கமான சின்ன வரிகள் கொண்ட மெல்லிய ரப்பர். இரண்டு, உள்ளங்கை சாய்ந்துகொள்ளப் பின்பக்கம் அகலமாக இருப்பது. மூன்று, கறுப்பு ஸ்பாஞ்ச், தடிமனாக, தொட்டால் பஞ்சு மாதிரி. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம் கை தானாக மெத்தென்று இருப்பதைத் தேடிப் போகும். நான் மூன்றாவதை எடுத்து என் கையால் அமுக்கிப் பார்த்தேன். என் உள்ளங்கையின் குறுக்களவு 9.2 சென்டிமீட்டர். ஸ்பேனர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போனது. அந்தக் கைக்கு ஸ்பாஞ்ச் அருமையாகத்தான் இருந்தது.

"நல்லா மெத்துன்னு இருக்கு சிஸ்டர். இதுக்குக் கிளவுஸே வேணாம்."

அவர் வாங்கி ஒருமுறை பிடித்துப் பார்த்தார். "எனக்குத் தடியா இருக்காதாண்ணே?"

"கை படப்பட அமுங்கிரும். உங்க கைக்குத் தக்கன ஆகிரும்."

"சரிண்ணே" என்றார்.

அன்று இரவு டைரியில் எழுதியதை அப்படியே தருகிறேன். 'ஸ்பாஞ்ச் கிரிப், கறுப்பு, தடிமன் 34 மி.மீ. பழைய கிரிப் தேய்ந்து வழவழப்பு, அகற்றினேன். இரண்டும் இறுக்கமாக உட்கார்ந்தன. வாடிக்கையாளர் திருப்தி.' கிரிப்பின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் எழுதியவன், அதைப் பிடிக்கப்போகும் கையின் அளவை எழுதவில்லை. திருப்தி என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது 'சரிண்ணே'. இரண்டுக்கும் உள்ள தூரம் அன்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 6, திங்கட்கிழமை, 2.40க்கு வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"உள்ளங்கை வலி இல்லண்ணே. ஆனா லேப்புக்குள்ள போறப்ப கட்டைவெரலு, இந்த ரெண்டு வெரலு, மூணும் என்னுது இல்லாத மாதிரி இருக்கு. செத்த நேரம் உதறுனாச் சரியாயிருது."

நான் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். ஹேண்டில்பாரின் சாய்வைப் பார்த்தேன். பிரேக் லீவரை ஐந்து டிகிரி தாழ்த்தினேன். சீட்டை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினேன். எல்லாம் அளந்து செய்தேன், எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். அவரைத் தொடாமல் என்னென்ன அளக்க முடியுமோ அத்தனையும் அளந்தேன்.

"கிரிப்பு தடியா இருக்கதாலயா இருக்குமாண்ணே?"

"புதுசுல்ல சிஸ்டர். புதுச் செருப்புக் கடிக்கிறதில்லையா? ஒரு மாசம் ஓட்டுங்க. பழகிரும்."

அவர் போனபின் முருகேசன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, அந்தப் பிள்ளைக்குக் கை ரொம்பச் சின்னது. அந்த மெல்லிசு ரப்பரப் போட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

"நீ எப்பப் பாத்த?"

"அன்னைக்கு மேசை மேலதான விரிச்சு வச்சிருந்துச்சு? கண்ணு இருக்கவன் பாக்கத்தான் செய்வான்."

"ஒனக்கு டயர் வேலை. எனக்குக் கிரிப்பு வேலை" என்றேன்.

"சரி சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஜெசிந்தாவின் போன் எண் வண்டிப் புத்தகத்தில் இருந்தது. கூப்பிட்டு, நாளைக்கு வாங்க சிஸ்டர், மாற்றித் தருகிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால், முதலில் அளக்காமல் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அதைவிட, பழகிவிடும் என்று நம்புவது சுலபமாக இருந்தது. டிசம்பர் போனது. பொங்கல் போனது. எண் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது.

இனி, அந்த மார்ச் 14.

கீறிய கிரிப்புகளுக்கு எதிரே நின்று அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அவர் வார்த்தைகளிலேயே எழுதுகிறேன்.

"நீங்க ஒரு மாசம்னீங்க. ஒரு மாசம் பொறுத்தேன். சரி, இன்னொரு மாசம்னு நானாப் பொறுத்தேன். தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு, நம்ம கைதான் சொகுசு கேக்குதுன்னு நெனச்சேன். போன மாசம் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க. அஞ்சு வயசு. காய்ச்சல். வாந்தியெடுத்து எடுத்து ஒடம்புல தண்ணியே இல்ல. அந்த மாதிரிப் பிள்ளைக்கு ரத்தக் குழாய் கண்ணுக்குத் தெரியாதுண்ணே. வெரலு வச்சுத் தடவுனா உள்ள ஒரு நூலு ஓடுற மாதிரித் தட்டுப்படும். பதினாலு வருசமா அது எனக்குத் தப்புனதே இல்ல. லேப்புல யாருக்குக் கெடைக்கலைன்னாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க. அன்னைக்கு வெரல வைக்கிறேன், ஒண்ணுமே தெரியல. பஞ்சத் தொட்ட மாதிரி இருக்கு."

பஞ்சு என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் மேசைமேல் இருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தேன்.

"மூணு தடவ குத்திட்டேன். பிள்ளை அழுகக்கூடத் தெம்பு இல்லாமப் பாக்குது. அவங்கம்மா வெடுக்குன்னு கையப் புடுங்கிட்டாங்க. 'ஒனக்கு வேல தெரியுமா தெரியாதா'ன்னு கேட்டாங்க. தெரியும்னு சொல்ல வாய் வரலண்ணே."

வேறொருவர் வந்து எடுத்தார். அந்தக் குழந்தை தேறிவிட்டது. ஆனால் மறுநாளே ஜெசிந்தாவை ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து முன்பக்கக் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். பெயர் பதிவது, முடிவுத் தாள் கொடுப்பது. டாக்டரிடம் காட்டியதில், மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றாராம். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளில் எதைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டு, கிரிப்பின் தடிமனைக் கையால் காட்டச் சொன்னாராம். சின்னக் கை தடித்ததைப் பிடித்தால் பிடி முழுதாகச் சுற்றி வராது. வராததால், நழுவாமல் இருக்க வழியெல்லாம் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். வெறும் கை என்றால் இன்னும் மோசம். ஸ்பாஞ்ச் வியர்வையைக் குடித்து வழுக்கத் தொடங்கும், கை மேலும் இறுக்கும். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் வரை அவர் அப்படி இறுக்கிக்கொண்டேதான் வந்திருக்கிறார், நான்கு மாதம். மெத்தென்று இருந்ததால் உள்ளங்கை வலிக்கவில்லை. உள்ளே நடந்தது வெளியே தெரியவில்லை.

"மூணு மாசம் வண்டியத் தொடக் கூடாதுன்னுட்டாரு. வெரலு பழையபடி வருமா சார்னு கேட்டேன். பாப்போம்மான்னாரு. டாக்டருங்க பாப்போம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"வண்டியக் கொண்டு வந்து விடுங்க சிஸ்டர். நல்ல கிரிப்பாப் பாத்து நானே..." என்று ஆரம்பித்தேன். அதைவிட மடத்தனமாக வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

"வித்துரலாம்னு இருக்கேண்ணே" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு எனக்கு முன்னால வந்தவரு கையப் புடிச்சு, வெரல மூடி வச்சு, எம்புட்டு நேரம் பாத்தீங்க. என் கைய ஏண்ணே பாக்கவே இல்ல?"

முருகேசன் ஸ்பேனரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"பொம்பளைப் பிள்ளை கைய எப்படிம்மா நான் புடிக்க முடியும்? மூணு பேரு நிக்கிறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாகச் சிரிக்கவில்லை. உண்மையாகவே சிரித்தார். "நான் ஒரு நாளைக்கு நாப்பது ஆம்பளை கையப் புடிச்சிருக்கேண்ணே. புடிக்காம எப்படி ரத்தம் எடுக்க? அத்தனை பேரும் வரிசையா நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

நான் மேசைமேல் கிடந்த ஸ்பேனர்களை ஒழுங்காக அடுக்கினேன்.

"சரி, புடிக்க வேணாம். ஒரு ஸ்கேல எடுத்து என் கையில குடுத்திருந்தா நானே அளந்து சொல்லியிருப்பேன்ல? இந்தாங்க சிஸ்டர், புடிச்சுக் காட்டுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா ஆகாதா?"

அவரே கீறிய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, மேசையில் கிடந்த ஹேண்டில்பார் துண்டின்மேல் சுற்றி, இடது கையால் பிடித்துக் காட்டினார். விரல்கள் பாதி சுற்றுக்குமேல் கொஞ்சம் போய் நின்றுவிட்டன. நடுவிரல் நுனிக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவே என் மூன்று விரல்கள் நுழையும். தூரத்தில் நின்றே தெரிந்தது. நவம்பர் 13 அன்று அவர் வாங்கிப் பிடித்துப் பார்த்தபோதும் இப்படித்தான் தெரிந்திருக்கும். அப்போது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? பெட்டியின்மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையின் குறுக்கே வைத்துப் படித்துச் சொன்னார். 7.1. நான்கு மாதம் தாமதமாக அதை டைரியில் எழுதினேன்.

"வாரேண்ணே. பதினொண்ணரைக்குப் பஸ்சு. இப்பல்லாம் பஸ்சுதான்" என்று கிளம்பினார். பொட்டலத்தை விட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை முருகேசனும் நானும் ஒரு பழைய ஹேண்டில்பாரை நான்கு துண்டாக அறுத்தோம். நான்கிலும் நான்கு தடிமனில் கிரிப் மாட்டி, மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்று முதல் நான்கு என்று எண் போட்டோம். மேசைக்குக் கீழ்த் தட்டில் நீங்கள் பார்க்கிற துண்டுகள் அவைதான். விளையாட்டுச் சாமான் இல்லை. யார் கிரிப் கேட்டு வந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும், அந்த நான்கையும் அவர் கையில் கொடுங்கள். நீங்கள் பிடிக்காதீர்கள். அவர் பிடிக்கட்டும். உங்கள் கை அங்கே வாடிக்கையாளர் இல்லை.

கிளவுஸ் போட மாட்டேன் என்று சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலில் பாதிப்பேர் போடுவதில்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. அந்தக் காரணத்துக்குள்தான் அவருடைய கை எப்படிப்பட்டது என்பதும், அந்தக் கையால் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதும் இருக்கும். ஜெசிந்தா முதல் நிமிடத்திலேயே எனக்குச் சொல்லிவிட்டார். தோல் உரிகிறது, நாள் முழுக்க ரப்பருக்குள் ஊறுகிறது, இந்தக் கையால் ரத்தம் எடுக்கிறேன் என்று எல்லாமே அதில் இருந்தது. நான் அதில் நகைச்சுவையை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. ஃபேனுக்குக் கீழே எல்லாக் கிரிப்பும் நல்ல கிரிப்தான். துண்டைக் கையில் கொடுத்து வாசலுக்கு அழைத்துப் போங்கள். வெயிலில் நின்று ஐந்து நிமிடம் பேசுங்கள். கை வியர்த்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வெறும் கையோடு ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் நெருக்கமான வரிகள் கொண்ட மெல்லிய ரப்பர்தான் கடைசியில் பிடிக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் அமுக்கிப் பார்த்துப் பாராட்டுவது ஸ்பாஞ்சைத்தான். வரிகள் ஆழமாக இருந்தால் மென்மையான தோலை வெட்டும், அதையும் வாசலில் நின்றால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

'தடியா இருக்காதா' என்று ஒருவர் கேட்டால் அது கேள்வி இல்லை. அவர் கை பதில் சொல்லிவிட்டது என்று அர்த்தம். 'பழகிரும்' என்ற சொல்லை இந்தக் கடையில் இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மரத்துப்போவதும் ஒருவகைப் பழக்கம்தான். அது ஆகக் கூடாத பழக்கம்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், குறிப்பாகத் தம்பிகளுக்கு. ஒரு பெண்ணைத் தொடாமல் இருப்பது மரியாதைதான். அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் தொடாமல் இருக்க ஒரு ஸ்கேல் போதும், ஒரு வார்த்தை போதும். நான் அதைக்கூடச் செய்யவில்லை. என்னைப் பற்றி மூன்று பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டேன், அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். தங்கைகளே, உங்களுக்கு இதே கூச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். நெய்க்காரப்பட்டிக்காரரைப் போல ஒருவர் உங்களிடமும் கைரேகை கேட்பார். நான்காம் எண் துண்டை அவர் கையில் கொடுத்து, ஆயுசை அதில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெசிந்தாவின் விரல்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கட்டைவிரலும் நடுவிரலும் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிட்டன. ஆள்காட்டி விரலின் நுனி திரும்பவில்லை. நான் ஓய்வு பெற்ற வாரம்வரை அவர் கவுண்டரில்தான் இருந்தார். வண்டி அந்த ஜூலையில் விற்றுவிட்டது, நம் கடை மூலமாகவே. வாங்கியவரின் கையை அளந்து, இரண்டாம் எண் ரப்பரை மாட்டினேன். அந்த வேலையை நான் அத்தனை சரியாகச் செய்தது அது வேறு ஒருவரின் வண்டி ஆன பிறகுதான்.

மார்ச் 15, செவ்வாய்க்கிழமை. காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபி குடிக்காமல், டைரிக்குள் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். 6.35க்கு உள்ளே நுழைந்தேன். கவுண்டரில் ஜெசிந்தா. சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"மூணாந்தேதி எழுதுன சீட்டு. பன்னெண்டு நாளா எங்கண்ணே வச்சிருந்தீங்க, பழகட்டும்னா?"

"தப்புத்தாம்மா" என்றேன். சீட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். பெயரைப் பதிந்து உள்ளே அனுப்பினார்.

உள்ளே ரத்தம் எடுக்கும் பெண் என் இடது கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டித் தடவிப் பார்த்தார். பருத்த கை எனக்கு. தட்டினார், மடக்கி நீட்டச் சொன்னார், மறுபடி தடவினார். "அக்கா, இவருக்குக் கெடைக்க மாட்டேங்குது" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது போல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா எழுந்து வந்தார். கவுண்டரில் இருப்பவருக்கு உறை கிடையாது, வெறும் கை. கேட்காமல், தயங்காமல் என் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தார். எதிர் பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எடுத்துவிட்டார். நான் சுவரைப் பார்க்கப் போனேன், பிறகு பார்வையைத் திருப்பி அவர் கையையே பார்த்தேன். அவர் சுண்டுவிரலை வைத்தார். மெதுவாக அமுக்கி, ஒரு நெல் அளவு தள்ளி, இன்னொரு முறை அமுக்கினார்.

"இங்க இருக்கு. எடு."

டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன். 'காலை 6.52. இடது கை. ஒரே குத்து.'